ஒரே வீட்டின் இரு கட்சிகள்

(உடன்பிறந்தோருக்கு இடையே நிகழும் கொலைகள் பற்றிய ஆய்வுகளை முன்வைத்து நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வரி நன்றாகத் தெரியும். நஞ்சை இன்னாருக்கு, புஞ்சை இன்னாருக்கு, வீட்டில் கீழ்ப்புறம் மூத்தவருக்கு, மேல்புறம் இளையவருக்கு என்று ‘அ’ ஷெட்யூல், ‘ஆ’ ஷெட்யூலாக எல்லாவற்றையும் பிரித்து எழுதிக்கொண்டே வருவார்கள். கடைசியில் கிணற்றில் வந்து பேனா நிற்கும். கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது. ஆகவே கிணறும் அதிலுள்ள மோட்டாரும் கிணற்றுக்குப் போகும் மாமூல் தடமும் பொதுவில் விடப்படும்; ஆளுக்குப் பாதி பாத்தியம், முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது. பத்திர எழுத்தர் ஆயிரம் முறை எழுதிய வரி. பின்னாளில் வழக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டால் அவர் அந்த வரியைத்தான் காட்டுவார்.

அண்ணன் தம்பி வழி வந்தவர்களைத் தமிழில் பங்காளி என்கிறோம். மதுரைப் பக்கம் சிநேகிதனின் தோளில் கைபோட்டுக் கூப்பிடவும் அதே சொல்தான்; வரப்புத் தகராறில் போலீசுக்கு எழுதிக்கொடுக்கும் புகாரிலும் அதே சொல்தான். தாயாதி என்பதும் அந்த வகையே. வடமொழியில் ‘தாயம்’ என்றால் பாகமாக வந்து சேரும் சொத்து. ரத்தத்தை விட்டுவிட்டுப் பங்கை வைத்து உறவுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள் முன்னோர். உடன்பிறந்தோர் கொலைகளை ஆராய்ந்தவர்கள் பல கண்டங்களின் வழக்குக் கட்டுகளைப் புரட்டி வந்து சேர்ந்த இடத்துக்கு வெகு அருகில் இந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

‘சொத்துத் தகராறில் அண்ணன் வெட்டிக்கொலை, தம்பி கைது.’ நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்த மாதிரித் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து, இது அடிக்கடி நடப்பது என்ற எண்ணம் நமக்குப் படிந்துவிட்டது. எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது வேறு. அமெரிக்க நீதித்துறையின் புள்ளியியல் பிரிவு, நாட்டின் 75 பெரிய மாவட்டங்களில் 1988இல் முடிந்த கொலை வழக்குகளை எடுத்துக்கொண்டு 1994இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கொல்லப்பட்டவர்களில் 16 விழுக்காட்டினர் கொன்றவரின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கணவன் மனைவிக்குள் நடந்தவை 6.5 விழுக்காடு. பெற்றோர் கையால் இறந்த பிள்ளைகள் 3.5. பிள்ளைகள் கையால் இறந்த பெற்றோர் 1.9. உடன்பிறந்தவர் கையால் இறந்தவர்கள் 1.5 மட்டுமே.

இந்த ஒன்றரையை இன்னோர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மரி ஸ்ட்ராஸ், ரிச்சர்ட் கெல்லஸ், சூசன் ஸ்டைன்மெட்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள் 1970களின் நடுவில் அமெரிக்கா முழுவதும் 2,143 குடும்பங்களில் கேள்வி கேட்டார்கள். 1980இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வின்படி, 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேர் அந்த ஓராண்டுக்குள் கூடப்பிறந்த ஒருவரைத் தள்ளியோ அடித்தோ உதைத்தோ கடித்தோ எதையாவது தூக்கி எறிந்தோ இருந்தார்கள். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறைகளிலேயே மிகச் சாதாரணமானது இதுதான். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. ஆனால் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு புதிர் எழுகிறது. வேறு யாரோடும் போடாத அளவுக்கு உடன்பிறந்தவரோடு சண்டை போட்டு வளர்கிற மனிதர், அவரைக் கொல்வது மட்டும் ஏன் இத்தனை அரிதாக இருக்கிறது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள் மார்ட்டின் டேலியும் மார்கோ வில்சனும். கனடாவின் ஹாமில்டன் நகரில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள், கணவன் மனைவி. விலங்குகளின் நடத்தையை ஆராயும் பழக்கம் உள்ளவர்கள் கொலைக் கோப்புகளின் பக்கம் திரும்பியது அன்றைய குற்றவியலாளர்கள் பலருக்கு விசித்திரமாகப் பட்டது. டெட்ராய்ட் நகரில் 1972இல் துப்புத் துலங்கிய 508 கொலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கால்வாசிக் கொலைகள் உறவுக்குள் நடந்தவை. குடும்பம்தான் மனிதனுக்கு மிக ஆபத்தான இடம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டதற்கு இந்தக் கால்வாசிதான் ஆதாரம். இருவரும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி கணவன், மனைவி, மைத்துனன், மாமனார் என்று மணத்தால் வந்த உறவு. ரத்த உறவுக்குள் நடந்தவை மொத்தத்தில் சுமார் 6 விழுக்காடுதான். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கிட்டபோது, ரத்த உறவில்லாதவர் கையால் சாகும் அபாயம் ரத்த உறவினர் கையால் சாகும் அபாயத்தைப் போலப் பதினோரு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது.

அடுத்து அவர்கள் கேட்ட கேள்வி இன்னும் சாமர்த்தியமானது. கொலையில் இரண்டு வகை உறவு இருக்கிறது: கொன்றவருக்கும் செத்தவருக்கும் உள்ள உறவு ஒன்று, சேர்ந்து கொன்றவர்களுக்குள் இருக்கும் உறவு மற்றொன்று. ஒரு வீட்டில் சேர்ந்து புழங்குவதால் மட்டுமே கொலை நடக்கிறது என்றால் இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஊர் ஊராகச் சென்ற அரச நீதிபதிகளின் பதிவுச் சுருள்கள், மெக்சிகோவின் மாயா கிராமங்கள், இந்தியப் பழங்குடிகளான பஸ்தர் மாரியாக்கள், முண்டாக்கள், ஒராவுன்கள், பீல்கள், 1980ஆம் ஆண்டின் மியாமி நகரம் என்று எங்கே பார்த்தாலும் கூட்டாளிகளுக்குள்தான் ரத்தம் நெருக்கமாக இருந்தது. அண்ணனைக் கொன்ற தம்பியைவிட, அண்ணனோடு சேர்ந்து போய் வேறொருவனைக் கொன்ற தம்பிதான் எங்கும் அதிகம். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்ற நம்மூர்ப் பேச்சை அவர்கள் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

இதற்கு அவர்கள் வைத்திருந்த விளக்கம் உயிரியலிலிருந்து வந்தது. 1964இல் வில்லியம் ஹாமில்டன், உறவினரைப் பேணுவதும் தன் மரபணுவைப் பேணுவதற்கு ஒரு வழிதான் என்று கணிதமாகவே காட்டினார். பத்தாண்டுகள் கழித்து ராபர்ட் ட்ரிவர்ஸ் அதன் மறுபக்கத்தைச் சொன்னார்: தாய்க்கு இரண்டு பிள்ளையும் ஒன்று, பிள்ளைக்கோ தான் முழுசு, உடன்பிறந்தது பாதி. ஆகவே தாய் சரிபாதி என்று நினைக்கும் இடத்தில் பிள்ளை கூடுதலாகக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த வாதம் பறவைகளிடம் கொடூரமாக நிரூபணமாகிறது. ஜிம்பாப்வேயின் மட்டோபோ குன்றுகளில் கருங்கழுகுகளைப் பல ஆண்டுகள் கவனித்த வலேரி கார்கெட், ஒரு கூட்டில் மூத்த குஞ்சு இளைய குஞ்சைக் கொத்தியதை ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்றே நாள்; 1,569 கொத்து. கூட்டில் இரைக்குப் பஞ்சமே இல்லை. தாய்ப்பறவை தடுக்கவும் இல்லை. இரண்டாவது முட்டை என்பது முதல் முட்டை பொரியாமல் போனால் உதவும் காப்பீடு மட்டுமே. இந்தக் காட்சியைச் சொல்லி மனிதருக்கும் இதுதான் இயல்பு என்று முடிக்கிற பிரபல அறிவியல் எழுத்து நிறைய உண்டு. அது தவறான ஒப்பீடு. கழுகுக் குஞ்சின் கொலை கண் திறந்த வாரத்தில் நடக்கிறது. மனிதரிடம் அந்த வயதில் உடன்பிறந்த பிள்ளைகள் ஒன்றை ஒன்று கடிப்பதோடு சரி. கொலை வருவது பெரும்பாலும் மீசை முளைத்த பிறகு. கூட்டில் கிடைக்கும் இரைக்கும் பத்திரத்தில் கிடைக்கும் பங்குக்கும் நடுவே பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கின்றன.

தவிர, மரபணுக் கணக்கு இந்தக் கொலைகள் ஏன் அரிது என்பதைச் சொல்கிறதே தவிர, எங்கே அதிகமாகின்றன என்பதைச் சொல்வதில்லை. அண்ணன் தம்பிக்குள் ரத்தத்தின் அளவு டெட்ராய்டிலும் பஸ்தரிலும் ஒன்றுதான்.

பஸ்தரைப் பற்றி வெரியர் எல்வின் எழுதிய புத்தகம் இந்தத் துறையில் இன்றும் தனித்து நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து பாதிரியாராக வந்து, காந்தியின் பக்கம் சாய்ந்து, பிறகு மத்திய இந்தியப் பழங்குடிகளிடையே தங்கிப்போனவர் எல்வின். காட்டெருமைக் கொம்பு சூடி ஆடும் மாரியாக்களிடையே நடந்த 100 கொலைகளையும் 50 தற்கொலைகளையும் சமஸ்தானத்து நீதிமன்றக் கட்டுகளிலிருந்து திரட்டி, ஊர்களுக்கும் போய் விசாரித்து, 1943இல் நூலாக்கினார். குடி, சூனியச் சந்தேகம், மனைவிமேல் சந்தேகம், சொத்து, சுருக்கென்று வந்த கோபம் என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. தோளில் எப்போதும் கோடாரி தொங்கும் ஊரில் சுருக்கென்ற கோபம் என்பது சாதாரண விஷயமில்லை. பக்கத்திலேயே வாழும் முரியாக்களிடம் கொலை குறைவு என்பதை எல்வின் கவனித்தார். பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி வளரும் கோட்டுல் என்ற இளையோர் கூடம் அவர்களைச் சமாதானமாக வாழப் பழக்குகிறது என்பது அவர் கருத்து. அவருக்கு முரியாக்கள்மேல் இருந்த பிரியமும் இந்தக் கருத்தில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

எல்வினுக்குப் பிறகு முண்டா, ஒராவுன் மக்களிடையே நடந்த கொலைகளையும் தற்கொலைகளையும் பற்றி 1974இல் ஒரு நூல், பீல்களின் கொலைகளைப் பற்றி 1978இல் ஒரு நூல் என்று இந்தியாவிலேயே நல்ல ஆய்வுகள் வந்தன. இங்கே பேசப்பட்டதைவிடக் கனடாவில்தான் அவை அதிகம் பயன்பட்டன. டேலியும் வில்சனும் 1988இல் வெளியிட்ட ‘கொலை’ என்ற நூலில் இவற்றை டெட்ராய்டின் பக்கத்தில் வைத்தார்கள். தொழிற்சாலை நகரத்தில் மிக அரிதாக இருக்கும் சகோதரக் கொலை, உழவை நம்பி வாழும் ஊர்களில் கண்ணில் படும் அளவுக்கு உயர்கிறது. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணனின் சம்பளம் தம்பியின் சம்பளத்தைக் குறைப்பதில்லை. தகப்பன் விட்ட நிலத்தில் அண்ணனுக்கு ஒரு சால் கூடினால் தம்பிக்கு ஒரு சால் குறைகிறது. அந்த ஊர்களில் ஒருவனுக்கு முதல் துணையும் அண்ணன் தம்பிதான், முதல் போட்டியாளனும் அண்ணன் தம்பிதான்.

நிலமாவது பிரியும். சிம்மாசனம் பிரியாது. ஓட்டோமான் துருக்கியர் இதற்கு எழுதிய விதி உலக வரலாற்றில் வேறெங்கும் இல்லாதது. 1451இல் பட்டத்துக்கு வந்தவுடன் கைக்குழந்தையாக இருந்த தம்பியைக் கொல்லச் செய்த இரண்டாம் மெஹ்மத், பிற்காலத்தில் அதைச் சட்டமாகவே ஆக்கினார்: தன் பிள்ளைகளில் யாருக்கு ஆட்சி கிடைக்கிறதோ அவர் உலக ஒழுங்கின் பொருட்டுச் சகோதரர்களைக் கொல்லலாம். அரச ரத்தம் தரையில் சிந்தக் கூடாது என்பதால் கழுத்தை இறுக்குவதே முறை. 1574இல் மூன்றாம் முராத் ஐந்து தம்பிகளைக் கொல்லச் செய்தார். 1595 ஜனவரியில் அவர் இறந்ததும் மகன் மூன்றாம் மெஹ்மத் மனிசாவிலிருந்து தலைநகருக்கு வந்து 19 சகோதரர்களைக் கொன்று முடித்தார். பலர் குழந்தைகள். அரண்மனை வாசலிலிருந்து தகப்பனின் சவப்பெட்டி போன வழியிலேயே பத்தொன்பது சவப்பெட்டிகளும் போயின. ஹாகியா சோஃபியா வளாகத்தில் முராதின் கல்லறை மண்டபத்துக்குள் போகிறவர்கள் பெரிதும் சிறிதுமாகப் பச்சைத் துணி போர்த்திய பெட்டிகளை இன்றும் பார்க்கலாம்.

அந்த வழக்கம் மனமாற்றத்தால் மட்டும் ஓயவில்லை. 1603இல் பட்டமேறிய முதலாம் அகமதுக்கு வயது 13, பிள்ளை கிடையாது. ஒரே தம்பி முஸ்தபாவையும் கொன்றுவிட்டு அகமதுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வம்சமே இல்லை. முஸ்தபா கொல்லப்படாமல் அரண்மனைக்குள் அடைத்து வைக்கப்பட்டார். 1617இல் அகமது இறந்தபோது, அகமதின் மகன்கள் இருக்கும்போதே, தம்பி முஸ்தபா பட்டத்துக்கு வந்தார். வம்சத்தில் மூத்த ஆணுக்கே ஆட்சி என்ற புது வழக்கம் அங்கிருந்து கிளைத்தது. யாருக்கு எப்போது முறை என்பது தெரிந்துவிட்டால் கொல்ல வேண்டிய அவசரம் தணிகிறது. உடனே முற்றாக நின்றுவிடவில்லை; 1621இல் இரண்டாம் உஸ்மான் போலந்துப் போருக்குப் புறப்படும் முன் ஒரு தம்பியைக் கொல்லச் செய்தார், 1630களில் நான்காம் முராத் மூவரை. முகலாயர்களிடம் எழுதிய விதியே கிடையாது. ஷாஜகானின் நான்கு மகன்களும் படை திரட்டினார்கள். தாரா ஷுகோ 1659இல் கொல்லப்பட்டார், முராத் பக்ஷ் 1661இல் குவாலியர் கோட்டையில், ஷுஜா அரக்கானுக்கு ஓடி அழிந்தார், மிஞ்சியவர் ஔரங்கசீப்.

அரசர் கதை பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. சாதாரணக் குடும்பத்துக்கும் சட்டம் இதே வேலையைச் செய்திருக்கிறது. இந்துக் குடும்பங்களுக்கான பழைய மிதாட்சரச் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை. பிரியாத அண்ணன் தம்பிகளில் ஒருவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தால் அவர் பங்கு உயிரோடு எஞ்சிய சகோதரர்களிடம் போய்ச் சேரும். விதவைக்குச் சோறும் துணியும்தான். அதாவது தம்பி செத்தால் அண்ணன் பங்கு தானாகப் பெருகும். இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி ஒற்றுமை பற்றி உபதேசம் செய்த சமூகம் நம்முடையது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு அந்தப் பங்கில் வாழ்நாள் உரிமை கொடுத்தது. 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் மேலும் ஒரு கதவை அடைத்தது: அதன் 25ஆம் பிரிவின்படி, கொன்றவர் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. லண்டன் ப்ரிவி கவுன்சில் 1924லேயே ஓர் இந்திய வழக்கில் சொன்னதுதான் இது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் எஞ்சியவருக்குப் பங்கு சேரும் அந்தப் பழைய விதியையே எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதும் 2005இலும் மகளுக்கும் பிறப்புரிமை வந்தது. சட்டப்படி தங்கையும் இன்று பங்காளிதான். பேச்சில் இன்னும் அப்படி ஆகவில்லை. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போதுதான் அவளுக்கும் பங்கு இருந்தது வீட்டில் நினைவுக்கு வருகிறது.

சகோதரிகள் சாவது வேறு கணக்கு. அமெரிக்காவில் ஜெசிகா பெக், காத்லீன் ஹைட் இருவரும் 1976 முதல் 2007 வரையான 32 ஆண்டுகளின் கைதுப் பதிவுகளில் உடன்பிறந்தவரைக் கொன்ற சிறார்களைத் தேடி எடுத்தபோது, கொன்றவரும் இறந்தவரும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். தெற்காசியாவிலோ அண்ணன் தங்கையைக் கொல்வதற்குச் சொத்தைவிடப் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது: மானம். பாகிஸ்தானின் சமூக ஊடகப் பிரபலம் கந்தீல் பலோச் 2016 ஜூலையில் முல்தானில் பெற்றோர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டார். கொன்றது தான்தான் என்று அவருடைய தம்பி பத்திரிகையாளர் முன்னால் சொன்னான். அந்நாட்டின் அன்றைய சட்டப்படி இறந்தவரின் வாரிசு மன்னித்தால் கொலையாளி வெளியே வர முடிந்தது. இறந்தவளின் வாரிசு யார்? பெற்றோர். கொலையாளியின் பெற்றோரும் அவர்களே. அந்த ஓட்டையை அடைக்க 2016 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர் மன்னிப்பை 2019இல் விசாரணை நீதிமன்றம் ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் தம்பி விடுதலையானான்.

மற்றக் கொலை வழக்குகளில் நீதிமன்ற வராந்தாவில் இரண்டு கூட்டம் தள்ளித் தள்ளி நிற்கும். உடன்பிறந்தோர் வழக்கில் அப்படி இரண்டு கூட்டம் கிடையாது. நம்மூர்க் காவல்துறைத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘எதிரி’ என்று பெயர். கூண்டில் ஏறும் தாயிடம் அரசு வழக்கறிஞர் எதிரியை அடையாளம் காட்டச் சொல்வார். அவள் காட்ட வேண்டியது மிச்சமிருக்கும் மகனை. வீட்டுக்குள் நடந்த கொலைக்கு வீட்டாரைத் தவிர சாட்சியும் இருக்காது. அவள் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றால் பிறழ் சாட்சி என்று ஒரு வரியில் எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

இதையெல்லாம் இந்திய அளவில் ஆராய வேண்டியவர் முதலில் எண்ணிக்கைக்கே தடுமாறுவார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் 28,522 கொலை வழக்குகள். நோக்க வாரியான அட்டவணையில் ‘தகராறுகள்’ 9,962 வழக்குகளோடு முதலிடம், முன்விரோதம் 3,761. தகராறுக்குள் சொத்து, குடும்பம், பணம், தண்ணீர் என்று உட்பிரிவும் உண்டு. கொன்றவர் செத்தவருக்கு என்ன உறவு என்ற கட்டம்தான் இல்லை. கிணற்று முறைத் தகராறில் அண்ணனை வெட்டிய தம்பி அந்த அட்டவணையில் சொத்திலும் போய் விழலாம், குடும்பத்திலும் விழலாம், தண்ணீரிலும் விழலாம். அண்ணன் தம்பி என்பது எங்கும் விழாது. அமெரிக்கப் படிவத்தில் சகோதரன், சகோதரி என்று கட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தாய்ப் பிள்ளையா, தகப்பன் மட்டும் ஒன்றா என்று அதுவும் கேட்பதில்லை. ரத்த நெருக்கத்தை வைத்துக் கோட்பாடு கட்டுகிறவர்களுக்கு அது சின்னக் குறையில்லை.

25ஆம் பிரிவு கொலையாளிக்குச் செத்தவரின் பங்கைத் தராது. கொலையாளியின் சொந்தப் பங்கைப் பறிப்பதும் இல்லை. செத்தவரின் பாகம் அவர் மனைவி மக்களுக்குப் போகும். சிறைக்குப் போனவரின் பாகம் அவர் பெயரிலேயே இருக்கும். சாகுபடியை அவர் மனைவி பார்ப்பார். கிணறு பழையபடி பொதுவில். பத்திரத்தில் எழுதிய முறைப்படி, இன்று ஒருத்தி மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் நாளை மற்றவள் போட வேண்டும். ஸ்விட்ச் பெட்டிக்குச் சாவி இரண்டு.